பழைய டெஸ்க்டாப்புக்கு வேகமான போர்ட்: யூஎஸ்பி 3.0 கார்டா, இசாட்டாவா, 10 ஜிகாபிட் யூஎஸ்பி கார்டா?

இன்டெல் நிறுவனம் யூஎஸ்பி 3.0 வசதியைத் மதர்போர்டை நிர்வகிக்கும் தன் சிப்செட்டுக்குள்ளேயே சேர்த்தது 2012இல், 7ஆம் வரிசையில்தான். அதற்கு முந்தைய ஜி41, எச்61 சிப்செட் கொண்ட மதர்போர்டுகளில், போர்டு தயாரித்தவர் தனியாக ஒரு சிப் பொருத்திக் கொடுத்திருந்தாலொழிய, யூஎஸ்பி 2.0 மட்டுமே இருக்கும். பெயரளவில் நொடிக்கு 480 மெகாபிட், அதாவது 60 மெகாபைட், என்றாலும், வெளி ஹார்டு டிஸ்க்குக்குக் கோப்புகளை நகலெடுக்கும்போது கிடைப்பது 30 முதல் 40 மெகாபைட் வரைதான். அந்த வேகத்தில் ஒரு டெராபைட்டை நகலெடுத்து முடிக்க ஏறத்தாழ எட்டு மணி நேரம் ஆகும். இவ்வளவு நேரம் பிடிக்கும் காப்புப் பிரதியை நாளடைவில் எவரும் எடுக்காமல் விட்டுவிடுவார்கள் என்பதால், இது வெறும் வேகத்தைப் பற்றிய கேள்வி அன்று என்று நான் கருதுகிறேன்.

பெரும்பாலோர் முதலில் நாடுவது மதர்போர்டில் ஒரே லேன் (தரவுப் பாதை) கொண்ட பிசிஐ எக்ஸ்பிரஸ் எக்ஸ்1 ஸ்லாட்டில் செருகும் யூஎஸ்பி 3.0 கார்டு. அதன் அட்டைப் பெட்டியில் 5 ஜிகாபிட் என்று அச்சிட்டிருப்பதைவிட, அது செருகப்படும் ஸ்லாட் எந்தத் தலைமுறையைச் சேர்ந்தது என்பதே முக்கியம். எச்61 போர்டின் எக்ஸ்1 ஸ்லாட் இரண்டாம் தலைமுறை; ஒரு லேனுக்கு நொடிக்கு 500 மெகாபைட் கொள்ளளவு. யூஎஸ்பி 3.0இன் உச்சமும், தரவைக் குறியீடாக்கி அனுப்புவதற்குப் போகும் பங்கைக் கழித்தால், அதே 500தான் என்பதால் இரண்டும் நன்றாகப் பொருந்துகின்றன. ஜி41 போர்டிலோ ஸ்லாட் முதல் தலைமுறை. லேனுக்கு 250 மெகாபைட்தான், நடைமுறையில் 200க்கும் கீழே நின்றுவிடும். ஆனாலும் கையடக்க 2.5 அங்குல ஹார்டு டிஸ்க்குகள் 100 முதல் 140 மெகாபைட்டைத் தாண்டுவது அரிது என்பதால், அந்தப் பழைய போர்டில்கூட டிஸ்க் தன் முழு வேகத்தில் ஓடும். எட்டு மணி நேர வேலை ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் முடியும். நான்கு போர்ட் உள்ள கார்டை வாங்கினாலும் நான்கும் ஒரே லேனைத்தான் பகிர்ந்துகொள்கின்றன. இரண்டு டிஸ்க்குகளை ஒரே நேரத்தில் ஓட்டுபவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

கணினியின் உள் டிஸ்க்குகளை இணைக்கும் சாட்டா இணைப்பை வெளியே கொண்டுவரும் இசாட்டா வேறு வகையான தீர்வு. சாட்டா டிஸ்க்கை யூஎஸ்பி மொழிக்கு மாற்றும் சிப் இடையில் இல்லாததால், வெளியே இருக்கும் டிஸ்க்கை இயங்குதளம் உள் டிஸ்க்காகவே காண்கிறது. டிஸ்க்கின் உடல்நலத்தைச் சொல்லும் ஸ்மார்ட் தகவல்களும் தடையின்றிக் கிடைக்கின்றன. மதர்போர்டில் காலியாக இருக்கும் சாட்டா போர்ட்டிலிருந்து பின்பக்கத்துக்கு ஒரு பிராக்கெட் (கேபிளும் போர்ட்டும் உள்ள தகடு) இழுத்தால் போதும், கார்டே தேவையில்லை. 300 மெகாபைட் வரை இடமிருக்கிறது. இவ்வளவு நேர்மையான இணைப்பு என்பதால் எனக்கு இதன்மீது தனிப் பிரியம் உண்டு. இருந்தும் இன்று இதைப் பரிந்துரைக்கத் தயங்குகிறேன். இசாட்டா கேபிள் மின்சாரம் கொண்டுவராது. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் தனி அடாப்டர் வேண்டும். கணினி ஓடும்போதே டிஸ்க்கைச் செருகிக் கழற்ற ஏஎச்சிஐ என்ற சாட்டா இயக்க முறை தேவை. ஜி41 போர்டுகளில் பரவலாக இருக்கும் ஐசிஎச்7 சிப்பில் அது கிடையாது. இசாட்டா உள்ள டிஸ்க் பெட்டிகளும் கடைகளில் குறைந்துவிட்டன. நாளை இந்தக் கணினி பழுதானால், அந்த டிஸ்க்கைச் செருகப் பக்கத்து மேசை லேப்டாப்பில் இசாட்டா இருக்காது. காப்புப் பிரதிக்கு அதுவே பெரிய குறை.

10 ஜிகாபிட் யூஎஸ்பி கார்டைப் பொறுத்தவரை, எக்ஸ்1 ஸ்லாட்டில் செருகினால் அது 5 ஜிகாபிட் கார்டைவிடச் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் தராது, ஏனெனில் ஸ்லாட்டின் 500 மெகாபைட்டே அதற்கும் எல்லை. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத எச்61 கணினியில் நீண்ட எக்ஸ்16 ஸ்லாட் காலியாகக் கிடக்கும். இரண்டு அல்லது நான்கு லேன் பயன்படுத்தும் கார்டை அங்கே வைத்தால்தான் அதன் வேகம் வெளிப்படும். அப்போதும் ஒரு தடை மீதமிருக்கிறது: எச்61இன் சாட்டா போர்ட்டுகள் எல்லாமே 3 ஜிகாபிட் வகை. உள் டிஸ்க் நொடிக்கு 270 மெகாபைட்டுக்கு மேல் கொடுக்க முடியாதபோது, வெளியே 1000 மெகாபைட் எழுதக்கூடிய என்விஎம்இ (வேகமான எஸ்எஸ்டி வகை) பெட்டியை வைத்தும் பயனில்லை. வெளி எஸ்எஸ்டியில் இருந்தபடியே வீடியோவைத் திருத்துபவருக்கு மட்டும் இந்தச் செலவு நியாயமாகலாம். டிஸ்க்கை எடுத்துச் செல்லும் தேவையே இல்லாதவர், எதையும் வாங்காமல் ஒரு 3.5 அங்குல டிஸ்க்கைக் கேபினட்டுக்குள் பொருத்திவிடலாம். ஆனால் எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) எரிந்தாலோ இடி தாக்கினாலோ மூலமும் நகலும் சேர்ந்தே போகும்.

ஆகவே என் தெரிவு யூஎஸ்பி 3.0 கார்டுதான், அதுவும் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து நேராக மின்சாரம் வாங்கும் கனெக்டர் உள்ளது. பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் 12 வோல்ட்டும் 3.3 வோல்ட்டும்தான் உண்டு, யூஎஸ்பிக்கு வேண்டிய 5 வோல்ட் கிடையாது. அதைக் கார்டே மாற்றித் தயாரிக்க வேண்டும் என்பதால், மலிவான கார்டுகளில் இரண்டு டிஸ்க்குகள் செருகியதும் இணைப்பு அறுபட வாய்ப்புண்டு. விண்டோஸ் 8 முதல் டிரைவர் உள்ளேயே இருக்கிறது. விண்டோஸ் 7 வைத்திருப்பவர் கார்டுடன் வரும் டிரைவரை நிறுவ வேண்டும். யூஎஸ்பி 3.0 எழுப்பும் இரைச்சல் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விழுவதால், கம்பியில்லா மவுஸின் ரிசீவரை இந்தக் கார்டுக்கு அருகில் வைக்காமல் முன்பக்கப் போர்ட்டில் செருகுவது நல்லது. பழைய பயாஸ் (கணினியைத் தொடங்கிவைக்கும் மென்பொருள்) பொதுவாக இந்தக் கார்டிலிருந்து பூட் செய்யாது. எனவே இயங்குதளத்தை மீட்கும் பென் டிரைவை மதர்போர்டின் பழைய யூஎஸ்பி 2.0 போர்ட்டிலேயே செருகித் தொடங்க வேண்டும். அது லினக்ஸ் மீட்புப் பென் டிரைவாக இருந்தால், லினக்ஸ் எழுந்தவுடன் கார்டில் உள்ள டிஸ்க்கும் முழு வேகத்தில் தெரியும்.