நான்கு வருடம், எட்டு பூதக்கண்ணாடி

ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சூழ்நிலையியல் எடுக்கிறேன். நான்கு வருடத்துக்கு முன்னால் கைக்காசு போட்டு எட்டு பூதக்கண்ணாடி வாங்கினேன். ஐந்து பிளாஸ்டிக், மூன்று கண்ணாடி.

பிளாஸ்டிக் ஒரு பருவம்கூடத் தாங்கவில்லை. விழுந்து உடையவில்லை; துடைத்தே போய்விட்டது. தரையில் வைத்து எடுத்து, சட்டையால் ஒரு தேய்ப்பு. மண் துகள் கீறி, லென்ஸ் பனி படர்ந்த மாதிரி ஆகிவிட்டது. கண்ணாடி மூன்றில் ஒன்று சிமென்ட் தரையில் விழுந்து ஓரம் பெயர்ந்ததால் தூக்கிப் போட்டேன். மற்ற இரண்டும் இன்னும் பளிச்சென்று இருக்கின்றன.

எட்டில் பெரியது எதுவோ அதற்குத்தான் பிள்ளைகளிடம் சண்டை. ஆனால் அதுதான் மிக மட்டம். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரருகே லென்ஸைப் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்தினால், வெளியே நிற்கும் மரம் தலைகீழாகச் சுவரில் தெளிவாக விழும். லென்ஸுக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை சென்டிமீட்டரில் அளந்து, 25-ஐ அதால் வகுத்தால் ஏறத்தாழ எத்தனை மடங்கு என்று வந்துவிடும். பெரியதற்கு 20 செ.மீ., அதாவது ஒன்றேகால் மடங்கு. சின்னக் கண்ணாடிக்கு 5 செ.மீ., ஐந்து மடங்கு. இரண்டின் அட்டையிலும் ‘பத்து மடங்கு’ என்றுதான் போட்டிருந்தது!

பிடிக்கும் விதம் எனக்கே ஒரு மாதம் கழித்துத்தான் பிடிபட்டது. கையை நீட்டிப் பிடித்தால் உலகம் தலைகீழாகத் தெரியும், வகுப்பே சிரிக்கும், அவ்வளவுதான். லென்ஸைக் கண்ணை ஒட்டி வைத்து, பார்க்கிற பொருளை அதன் பக்கம் கொண்டுவர வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு கண்ணை மட்டும் மூட வராது. மற்றக் கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொள்ளச் சொன்னேன், சரியாகிவிட்டது.

எறும்பு பாடம்தான் அதிகம் பலித்தது. பார்ப்பதற்கு முன்பே எறும்பை வரையச் சொல்வேன். நான்கு கால், பத்து கால், உடம்பு முழுக்கக் கால் என்று வரும். அப்புறம் கண்ணாடி மூடி போட்ட டப்பாவில் ஒரு எறும்பு. “டீச்சர், இதுக்கு இடுப்பு இருக்கு!” ஆறு காலும் நடு உடம்பிலிருந்துதான் கிளம்புகின்றன என்று நான் சொல்லவே வேண்டியதில்லை. நாளிதழின் வண்ணப்படமும் நன்றாக எடுபட்டது. நடிகர் முகம் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகளாகச் சிதறியதும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

ஈரத்துணியில் போட்ட கடுகு முளைத்தால், வேரைச் சுற்றி வெள்ளைப் பஞ்சு மாதிரி இருக்கும். முதல் வருடம் பூஞ்சை என்று நினைத்துக் கொட்டிவிட்டேன். லென்ஸில் பார்த்த பிறகுதான் அவை வேர்த்தூவிகள், தண்ணீரை உறிஞ்சுபவை என்று தெரிந்தது.

குறையும் உண்டு. கிருமிகளைப் பற்றிச் சொன்ன மறுநாள் ஒரு பையன் தன் கையை லென்ஸில் பார்த்துவிட்டு, “கிருமியே இல்ல டீச்சர், சோப்பு வேண்டாம்” என்றான். ஐந்து மடங்கில் கிருமி எங்கே தெரியப்போகிறது? கழுவாத கையால் தொட்ட ரொட்டியையும் கழுவிய கையால் தொட்டதையும் தனித்தனிப் பையில் கட்டி வைத்துக் காட்டலாம் என்று பார்த்தேன். ஒரு வாரத்தில் இரண்டிலும் பூஞ்சை. அந்தப் பையனுக்கு அது இன்னும் வசதியாகப் போயிற்று.

இன்னொன்று, வெயில். ஜன்னலோரம் மறந்து வைத்த லென்ஸ் என் நோட்டில் பழுப்பாக ஒரு பொட்டு சுட்டுவிட்டது. அன்றிலிருந்து துணிப்பையில்தான் வைக்கிறேன். லென்ஸ் வழியாகச் சூரியனைப் பார்க்கவே கூடாது என்பதை ஒவ்வொரு முறையும், பிள்ளைகள் சலித்துக்கொண்டாலும், சொல்லிவிட்டுத்தான் கையில் கொடுக்கிறேன்.

மறுபடி வாங்கினால் சின்னக் கண்ணாடி ஆறு வாங்குவேன். பெரியது ஒன்றுகூட வேண்டாம்.

போன வருடம் ஒன்று காணாமல் போய் இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்தது. கொண்டுவந்த இரண்டாம் வகுப்புப் பெண் அத்துடன் ஒரு தாளையும் நீட்டினாள். வீட்டு ஆட்டின் காதிலிருந்து எடுத்த உண்ணியாம், எட்டுக் காலோடு வரைந்திருந்தாள். “இது எறும்பு ஜாதி இல்ல, டீச்சர்.” திட்டலாம் என்று இருந்தவள், உட்கார்ந்து கால்களை எண்ணினேன்.