நியூயார்க் பள்ளி மாவட்டங்களின் மாநிலத் தணிக்கை அறிக்கைகள்: வரி கட்டுபவரின் பார்வையில் ஒரு மதிப்புரை

நியூயார்க் மாநிலத்தின் பெரும்பாலான பள்ளி மாவட்டங்கள் தமக்கென வரி விதிக்கும் அதிகாரமும், தேர்ந்தெடுக்கப்பட்ட கல்விக் குழுவும் கொண்ட தனி உள்ளாட்சி அமைப்புகள். அவற்றின் வரவு செலவுத் திட்டத்தின் மீது மே மாதத்தின் மூன்றாவது செவ்வாய்க்கிழமை ஊர் மக்கள் வாக்களிக்கிறார்கள். அப்படி வாக்களிக்கப் போகும் ஒருவருக்கு, மாவட்டம் தானே அச்சிட்டு அனுப்பும் வண்ணத் துண்டறிக்கையைவிட, மாநிலக் கணக்காயர் அலுவலகம் இலவசமாக வெளியிடும் தணிக்கை அறிக்கை பல மடங்கு பயனுள்ளது. நோயைக் கண்டுபிடிப்பதில் அந்த அறிக்கைகள் தேர்ந்தவை. மருந்து எழுதும்போது மட்டும், நோயாளி எவ்வளவு சிறியவர் என்பதை மறந்துவிடுகின்றன.

இந்தச் சேவை இன்றைய வடிவத்தைப் பெறக் காரணம் லாங் ஐலண்டில் உள்ள ராஸ்லின் பள்ளி மாவட்டம். அங்கே மாவட்டத்தின் தலைமை நிர்வாகியான கண்காணிப்பாளர் ஃபிராங்க் டசோன், துணைக் கண்காணிப்பாளர் பமேலா குளுக்கின் ஆகியோரும் அவர்களைச் சுற்றியிருந்தவர்களும் மாவட்டப் பணத்தைச் சொந்தச் செலவுகளுக்குத் திருப்பியிருந்தார்கள். 2005இல் வெளியான மாநிலத் தணிக்கை இந்த இழப்பை 1 கோடியே 12 லட்சம் டாலர் என்று கணக்கிட்டது. குளுக்கினின் கையாடலில் ஒரு பகுதி 2002இலேயே கல்விக் குழுவுக்குத் தெரிந்திருந்தும், பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லிச் சத்தமில்லாமல் அவரை வெளியேற்றியதோடு விவகாரம் முடிக்கப்பட்டது. ஆண்டுதோறும் வந்துபோன வெளித் தணிக்கையாளரும் எதையும் பிடிக்கவில்லை. அந்தத் தணிக்கையை வெளியிட்ட கணக்காயர் ஆலன் ஹெவெசியே, அரசு ஊழியரைத் தம் மனைவிக்கு ஓட்டுநராக்கிய வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 2006இல் பதவி விலகினார் என்பது தனிக்கதை.

அதே 2005இல் வந்த சட்டம் கல்விக் குழு உறுப்பினர்களுக்கு 6 மணி நேர நிதிப் பயிற்சியையும், தணிக்கைக் குழுவையும், உள் தணிக்கைப் பிரிவையும் கட்டாயமாக்கியது. ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறையாவது வெளித் தணிக்கையாளர் பணிக்குப் போட்டி முறையில் விண்ணப்பம் கோர வேண்டும் என்றது. எல்லாப் பள்ளி மாவட்டங்களையும் 2010 மார்ச் மாதத்துக்குள் கணக்காயர் தணிக்கை செய்து முடிக்கவும் பணித்தது. ஆனால் 8க்கும் குறைவான ஆசிரியர்களோ, 1,500க்கும் குறைவான மாணவர்களோ, 50 லட்சம் டாலருக்கும் குறைவான பொது நிதிச் செலவோ உள்ள மாவட்டங்களுக்கு உள் தணிக்கைப் பிரிவிலிருந்து விலக்கு உண்டு. செலவை நினைத்தால் இது நியாயம்தான். ஆனாலும், ஒரே அறையில் இரண்டு பேர் மொத்தக் கணக்கையும் பார்க்கும் மாவட்டங்களே இந்த விலக்கில் அடங்குகின்றன என்பதால், அங்கெல்லாம் மாநில அறிக்கையின் மதிப்பு கூடுகிறது.

வெளித் தணிக்கையாளரின் ஆண்டுத் தணிக்கைதான் நடக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. அது நிதி அறிக்கைகள் முறையாகத் தயாரிக்கப்பட்டுள்ளனவா என்று கருத்துச் சொல்லும்; பணம் தவறான கைக்குப் போகாமல் தடுக்கும் உள் கட்டுப்பாடுகளின் செயல்திறனைப் பற்றித் தாம் கருத்துக் கூறவில்லை என்று அந்தத் தணிக்கையாளரே தம் கடிதத்தில் எழுதிவிடுவார். மாநிலத் தணிக்கை தொடங்குவதே அந்த இடத்தில்தான். காசோலையை அச்சிடுபவர் யார், அதில் விழும் கையொப்பம் யாருடைய பொறுப்பில் இருக்கிறது, வங்கிக் கணக்கைச் சரிபார்ப்பவர் யார், கணக்கு மென்பொருளில் முழு நிர்வாகி உரிமையை வைத்துக்கொண்டு விற்பனையாளரின் பெயரையே மாற்றக்கூடியவர் யார் என்று அது கேட்கிறது. இந்தக் கேள்விகளுக்கெல்லாம் ஒரே பெயர் பதிலாக வருமானால், அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், கட்டுப்பாடு என்று அங்கே எதுவும் இல்லை.

என் குறை இங்கேதான். இப்படிப்பட்ட மாவட்டத்துக்கு அறிக்கை முதலில் சொல்லும் தீர்வு, பணிகளைப் பலருக்குப் பிரித்துக் கொடுங்கள் என்பது. பிரித்துக் கொடுக்க ஆள் வேண்டாமா? அடுத்த வரியில், முடியாவிட்டால் ஈடுசெய்யும் மேற்பார்வை வையுங்கள் என்று போகிறபோக்கில் வரும் வாசகமே சிறிய மாவட்டத்துக்கு உயிர்நாடி. அதை விரித்து எழுதியிருக்க வேண்டும். வங்கி அறிக்கையும் காசோலைப் படிமங்களும் பொருளாளரின் கைக்குப் போகும் முன்பே கண்காணிப்பாளரோ குழு உறுப்பினரோ பார்ப்பதும், மென்பொருளின் மாற்றப் பதிவை மாதந்தோறும் வெளியாள் ஒருவர் படிப்பதும் பெரிய செலவு வைப்பவை அல்ல. பணம் போகும் முன் ஒவ்வொரு பில்லையும் சரிபார்க்கும் கிளெய்ம்ஸ் ஆடிட்டரை, போசஸ் எனப்படும் வட்டாரக் கூட்டுறவுக் கல்வி அமைப்பின் வழியாகப் பல மாவட்டங்கள் பகிர்ந்துகொள்ளவும் வழி இருக்கிறது.

மீதப் பணத்தைப் பற்றிய அறிக்கைகள் வேறு வகை. செலவிடப்படாத பொது நிதி, அடுத்த ஆண்டுத் திட்டத்தின் 4 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். செலவை மிகையாக மதிப்பிட்டு, மீதத்திலிருந்து எடுப்பதாகக் காகிதத்தில் காட்டி, கடைசியில் ஒரு டாலரும் எடுக்காமல் விடும் வழக்கத்தை அறிக்கைகள் ஆண்டுவாரியான அட்டவணையோடு அம்பலப்படுத்துகின்றன. வரி வசூல் ஆண்டுதோறும் எவ்வளவு உயரலாம் என்று கட்டுப்படுத்தும் 2011இன் வரி உச்சவரம்புச் சட்டத்துக்குப் பிறகு, கையில் உள்ளதை விட்டால் திரும்ப வராது என்று மாவட்டங்கள் அஞ்சுவதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் அந்த அச்சத்தை வாக்காளரிடம் வெளிப்படையாகச் சொல்லலாமே.

வாசிப்புச் சுவைக்கு, பின்னிணைப்பாக வரும் மாவட்டத்தின் பதில் கடிதத்தைத் தவறவிடாதீர்கள். மாவட்டம் மறுத்து எழுதும் இடங்களில் எண் குறியிட்டு, அடுத்த பக்கத்தில் தணிக்கையாளர்கள் மறுமொழி தருகிறார்கள். முதல் பக்கத்தின் சுருக்கத்தில் தெரியாத உண்மை நிலவரம், மரியாதை குறையாத இந்தச் சண்டையில் தெரிந்துவிடும். மாணவர் மன்றங்களின் ரொக்க வசூலில் ரசீதுகள் இல்லை என்பது போன்ற சிறு கண்டுபிடிப்புகளுக்கு மாவட்டங்கள் பெரும்பாலும் தலையாட்டிவிடும். மீதப் பணம் என்றால்தான் கடிதம் நீளும்.

குறைகள் வேறு சிலவும் உண்டு. அறிக்கை கைக்கு வரும்போது அது ஆராய்ந்த காலம் பழையதாகிவிடுகிறது. மாதிரிகள் தணிக்கையாளரின் தெரிவின்படி எடுக்கப்படுவதால், அவற்றில் கண்ட பிழை விகிதத்தை மாவட்டம் முழுவதற்கும் பெருக்கிப் பார்க்கக் கூடாது. இந்த எச்சரிக்கை கடைசிப் பக்கங்களில் ஒளிந்திருக்கிறது. கணினிப் பாதுகாப்பில் கண்ட ஓட்டைகள் மாவட்டத்துக்கு மட்டும் ரகசியமாகச் சொல்லப்படுகின்றன, அது சரியே. திருத்த நடவடிக்கைத் திட்டத்தை அறிக்கை வந்த 90 நாட்களுக்குள் மாவட்டம் தர வேண்டும் என்பதால் அது அறிக்கையில் இருக்காது. மாவட்டத்தின் இணையதளத்தில் தேடியெடுத்து, அறிக்கையை அருகில் வைத்துக்கொண்டு படியுங்கள். அதில் ஒவ்வொரு பரிந்துரைக்கும் எதிரே பொறுப்பாளரும் தேதியும் இல்லையென்றால், அடுத்த கல்விக் குழுக் கூட்டத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி கிடைத்துவிட்டது.