சோங்டோ வழியா, பார்சிலோனா வழியா?

நம் ஊரைத் தொழில்நுட்பத்தால் இயங்கும் 'ஸ்மார்ட்' நகரமாக்க எந்த ஊரின் வழியைப் பின்பற்றலாம்? தென்கொரியாவின் சோங்டோ, கடலைத் தூர்த்து எடுத்த நிலத்தில் புதிதாகக் கட்டிய நகரம். வீட்டுக் குப்பையை நிலத்தடிக் குழாய்களே காற்றால் உறிஞ்சி இழுத்துக்கொள்கின்றன. கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் குழாய்களைச் சாலையும் கட்டடமும் வருவதற்கு முன்பே புதைத்தால்தான் கட்டுப்படியாகும். ஏற்கெனவே நெருக்கியடித்து நிற்கும் ஊரில் எங்கே போய்த் தோண்டுவது?

பார்சிலோனா பழைய ஊர். அங்கே பூங்கா மண்ணில் சென்சார் பதித்து, ஈரத்தைப் பார்த்துத் தண்ணீர் விடுகிறார்கள். சென்சார்கள் அனுப்பும் தகவலைத் திரட்ட மாநகராட்சி உருவாக்கிய 'சென்டிலோ' ஒரு திறமூல மென்பொருள். எந்த ஊரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். சரி, பேட்டரி மாற்றவும் பழுது பார்க்கவும் ஆள் வேண்டும்தான். இருந்தாலும் ஒரே ஒரு பூங்காவில் தொடங்கிப் பார்க்கலாமே! என் ஓட்டு பார்சிலோனாவுக்கு.