கை வைப்பதா, கை கட்டி நிற்பதா? விலங்கு ஆராய்ச்சியாளரின் இரு வழிகள்

விலங்கு ஆராய்ச்சியைத் தொழிலாக எடுப்பவர் ஆய்வுக்கூடத்துக்குப் போகலாம், காட்டுக்கும் போகலாம். ஆய்வுக்கூடத்தில் விலங்கின்மேல் கை வைத்தாக வேண்டும். காட்டில் பெரும்பாலும் கை கட்டி நிற்க வேண்டும். சம்பளத்தையும் பதவியையும்விட இந்த வேறுபாடுதான் ஒருவரின் அன்றாடத்தை ஆள்கிறது.

ஆய்வுக்கூடத்தின் பெரும் பலம் வேகம். சுண்டெலியின் சினைக்காலம் ஏறத்தாழ 20 நாள். முனைவர் பட்டம் முடிவதற்குள் பல தலைமுறைகளைக் கண்டுவிடலாம். வெளிச்சம், வெப்பம், தீனி எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கும். ஆனால் ஆராய்ச்சியாளரின் கை அப்படி மாறாமல் இருப்பதில்லை. வாலைப் பிடித்துத் தூக்கிய சுண்டெலிக்குப் பதற்றம் கூடுகிறது. ஒரு குழாய்க்குள் அதுவாக நுழையவிட்டோ, குவித்த உள்ளங்கைகளில் ஏந்தியோ எடுத்தால் அடுத்த முறை அதுவே கையருகே வருகிறது. 2010இல் வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது.

பல சோதனைகள் விலங்கைக் கொல்வதில் முடிகின்றன. நாள்தோறும் எடை பார்த்த அதே கைதான் அதையும் செய்ய நேரிடும். 1959இல் ரஸ்ஸல், பர்ச் என்ற இரு பிரிட்டிஷ் அறிவியலாளர்கள் வகுத்த மூன்று நெறிகள் இதற்காகவே: மாற்று வழி இருந்தால் விலங்கைத் தொடாதே, எண்ணிக்கையைக் குறை, வேதனையைத் தணி. இவற்றை வெறும் விண்ணப்பப் படிவமாக நினைப்பவர் இந்த வேலைக்கு வரவே கூடாது.

காட்டில் பொறுமைதான் முதலீடு. யானையின் சினைக்காலம் ஏறத்தாழ 22 மாதம். ஆராய்ச்சி நிதியோ சில ஆண்டுகளில் தீர்ந்துவிடும். 1960இல் சிம்பன்சிகளை ஆராய இன்றைய தான்சானியாவின் கோம்பே காட்டுக்குப் போன ஜேன் குடாலைக் கண்டு சிம்பன்சிகள் மாதக்கணக்கில் ஓடின. பிறகுதான், ஒரு சிம்பன்சி புல் தண்டைப் புற்றுக்குள் விட்டுக் கறையானை இழுத்துத் தின்பதைப் பார்த்தார்.

பீட்டர், ரோஸ்மேரி கிராண்ட் என்ற உயிரியலாளர் தம்பதி 1973 முதல் கலாபகோஸ் தீவுக்கூட்டத்தின் டாஃப்னே மேஜர் தீவில் குருவிகளைப் பிடித்து, அலகை அளந்து, காலில் வளையம் மாட்டிப் பறக்கவிட்டார்கள். 1977இல் கடும் வறட்சி வந்தது. சிறிய விதைகள் தீர்ந்தன. பெரிய, கடினமான விதையை உடைக்க முடிந்த பெரிய அலகுக் குருவிகளே அதிகம் தப்பின. குஞ்சுகளுக்கும் அலகு பெரிதாக இருந்தது. பசித்த பறவைக்கு ஒரு பிடி தானியம் போட்டிருந்தால் அந்த உண்மை கலங்கியிருக்கும். கூண்டைத் திறக்கும் கைக்கு எவ்வளவு துணிவு வேண்டுமோ, அவ்வளவு துணிவு இப்படிக் கை கட்டி நிற்பதற்கும் வேண்டும்.

மருந்தும் தடுப்பூசியும் தேடுபவருக்கு ஆய்வுக்கூடத்தைத் தவிர்ப்பது கடினம். விலங்கின் நடத்தையை அறிய விரும்புபவருக்கோ நான் காட்டையே சொல்வேன். அங்கும் சோதனை செய்யலாம். விலங்கு நடத்தை ஆய்வாளர் டின்பெர்கன் ஒரு குளவியின் மண்வளையைச் சுற்றிப் பைன் காய்களை வட்டமாக அடுக்கினார். குளவி பழகியதும் வட்டத்தைச் சற்றுத் தள்ளி வைத்தார். இரையோடு திரும்பிய குளவி தன் வளையை விட்டுவிட்டு, காய்களின் நடுவே போய் இறங்கியது.