அருகுலா விதைப் பக்கற்: விதைக்கு நாலு, வழிகாட்டலுக்கு ஒன்று

சலாது விதைகளோடு தொங்கும் இந்தப் பக்கற்றில் ஒரே பெயர் இருக்காது. ஒன்றில் அருகுலா, இன்னொன்றில் ரொக்கெட், வேறொன்றில் ருக்கோலா. மூன்றும் ஒரே செடிதான். கடுகு, முள்ளங்கி, கோவா குடும்பம். 'வைல்ட் ரொக்கெட்' என்று அச்சிட்டிருந்தால் மட்டும் அது வேறு இனம். இலை ஒடுக்கமாக, பூ மஞ்சளாக வரும்; வளர்ச்சியும் மெதுவு. முதல்முறை போடுபவர்கள் அதை எடுக்க வேண்டாம்.

விதைக்கு ஐந்தில் நாலு கொடுக்கலாம். பக்கற்றின் முதுகில் இருக்கும் வழிகாட்டலுக்கு ஒன்றுக்கு மேல் கொடுக்க முடியாது. மேல்நாட்டிலிருந்து வரும் பக்கற்றுகளில் 'மார்ச் முதல் செப்டெம்பர் வரை விதைக்கவும்' என்றுதான் பெரும்பாலும் இருக்கும். அது பனிநாட்டுக் கணக்கு. வன்னியில் மார்ச்சில் வெயில் ஏறி, மே மாதத்தில் கச்சான் என்னும் வறண்ட தென்மேற்குக் காற்று தொடங்கிவிடும். அப்போது போட்டால் விதை முளைக்கும், நாலு இலை வரும், அதற்குள் நடுத்தண்டு நீண்டு பூத்துவிடும். இலையைக் கடித்தால் நாக்கு எரியும், பின்னால் கசக்கும். அது விதையின் பிழையல்ல. சூடும் தண்ணீர்க் குறைவும் நீண்ட பகலும் சேர்ந்தால் இந்தச் செடி அப்படித்தான் பூவுக்கு அவசரப்படும்.

இங்கே போட வேண்டிய காலம் மார்கழி முதல் தை நடுப்பகுதி வரை. கார்த்திகைப் பெருமழைக்கு முன் போட்டால் விதை அடித்துக்கொண்டு போகும். மார்கழியிலும் பகல் 28, 29 பாகைக்குப் போகிறது என்பதை மறக்கக்கூடாது. அதனால் படத்தில் இருப்பதுபோல் அகலமாக விரிந்த செடியை எதிர்பார்க்க வேண்டாம். விரல் நீள இளம் இலைக்காக மட்டுமே வளர்த்தால் இந்தப் பக்கற் கொடுத்த காசுக்குப் பெறுமதி.

வாங்கும்போது பொதிசெய்த திகதியைப் பாருங்கள். கடை வாசலில் வெயில்படத் தொங்கிய பக்கற்றை விட்டு உள்ளே இருந்ததைக் கேளுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் 20 விதையை எண்ணி ஈரக் கடதாசியில் வையுங்கள். நாலாம் நாள் 15க்கு மேல் முளை தெரிந்தால் நல்ல விதை. பத்துக்குக் கீழே போனால் இரட்டிப்பாகத் தூவுங்கள்.

கீரை விதையை ஊறவைத்துப் போடும் பழக்கம் இதற்கு வேண்டவே வேண்டாம். தண்ணீர் பட்டவுடன் ஒவ்வொரு விதையையும் சுற்றி ஒரு வழுவழுப்பு எழும், சர்பத்துக்குள் போட்ட கசகசா மாதிரி. பிறகு விதைகள் ஒன்றோடொன்று ஒட்டி விரலிலும் ஒட்டும். பிரித்துத் தூவ முடியாது. ஒரு தேக்கரண்டி விதைக்கு ஒரு கைப்பிடி உலர்ந்த ஆற்றுமணல் கலந்து தூவினால் சீராக விழும்.

பக்கற் சொல்லாத இன்னொன்று மண். எங்கள் செம்மண் மழைக்குக் குழைந்து, ஒருநாள் வெயிலுக்கே மேலே ஓடுபோல இறுகிவிடும். கடுகளவு விதை அதைப் பிளந்து வராது. ஆகவே விதையைச் செம்மண்ணால் மூடாமல், மணலும் அரித்த மாட்டெருவும் சரிக்குச் சரி கலந்து அரைச் சென்ரிமீற்றர் மட்டும் மேலே போடுங்கள். பெட்டியில் வளர்ப்பதே வசதி. மீன் வரும் றெஜிபோம் (பாரமில்லாத வெள்ளை நுரைப்பொருள்) பெட்டியை நன்றாகக் கழுவி உப்பைப் போக்கி, அடியில் ஆறு துளை போட்டால் போதும். வேருக்குச் சூடும் குறைவாகவே ஏறும். இரண்டு பங்கு மேல்மண், ஒரு பங்கு நன்றாக உக்கிய மாட்டெரு, ஒரு பங்கு மணல், 15 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு. பச்சை ஆட்டெரு வேரைக் கருக்கும். யூரியாவை அள்ளிப் போட்டால் இலை கொழுக்கும், ஆனால் மணம் குறையும். இந்த இலை நைத்திரேற்றைச் சேர்த்துவைக்கும் இயல்புள்ளதும்கூட.

மூன்று முதல் ஐந்து நாளில் முளை வரும். காலை வெயில் போதும். பத்து மணிக்குப் பிறகு கிடுகு நிழலோ 50 வீத நிழல்வலையோ வேண்டும். பூவாளியால் காலையில் ஒருமுறை, காற்றுள்ள நாளில் மாலையிலும். உவர்க் கிணறு உள்ள இடங்களில் மழைத்தண்ணீரைப் பிடித்துவைத்து ஊற்றுங்கள். இல்லாவிட்டால் இலை ஓரம் கருகும்.

இலையில் குண்டூசியால் குத்தியதுபோல் துளைகள் தெரிந்தால் அது தெள்ளுப்பூச்சி. இரண்டு மில்லிமீற்றர்தான் இருக்கும், கை கிட்டப் போனால் துள்ளிவிடும். கோவாவையும் முள்ளங்கியையும் தின்பதும் இதுவே, ஆகவே அந்தப் பாத்திகளுக்குப் பக்கத்தில் பெட்டியை வைக்க வேண்டாம். பச்சையாகத் தின்னும் இலைக்கு மருந்து அடிப்பதைவிட, விதைத்த அன்றே பழைய நுளம்புவலையை வளைகம்பி மேல் போட்டு ஓரத்தை மண்ணால் அழுத்திவிடுவது நல்லது. மழையின் அடியும் குறையும், மயிலும் கொத்தாது.

இருபது, இருபத்தைந்தாம் நாள் இலை 8 சென்ரிமீற்றர் வந்திருக்கும். அப்போதே வெட்டத் தொடங்குங்கள். ஏழு மணிக்கு முன், கத்தரிக்கோலால், மண்ணிலிருந்து இரண்டு விரல் மேலே. நடுக்குருத்தை விட்டால் பத்துப் பன்னிரண்டு நாளில் மீண்டும் வெட்டலாம். மூன்றாம் வெட்டு வரை கிடைக்கும், ஆனால் அதற்குள் உறைப்பு ஏறியிருக்கும்.

வெட்டிய இலை வெகு விரைவில் வாடும். கழுவாமல், அழுகல் இலையை மட்டும் பொறுக்கி எடுத்துவிட்டு, மூடியுள்ள சாப்பாட்டுப் பெட்டியில் கடதாசி, இலை, கடதாசி என்று அடுக்கிக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தால் ஐந்து நாள் தாங்கும். பக்கத்தில் பழுத்த வாழைப்பழமோ தக்காளியோ இருந்தால் இரண்டே நாளில் மஞ்சளாகும். கழுவி ஈரத்தோடு வைத்தால் குழைந்து நாறும். காயவைத்து எடுத்துவைப்பதில் பயனில்லை, மணமே இருக்காது.

சமையலில் இதை வல்லாரையின் இடத்தில் வையுங்கள். அரிந்து, தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், உப்பு, தேசிக்காய்ப்புளி சேர்த்த சம்பல் உடனே சாப்பிட்டால் மிக நன்றாக இருக்கும். முற்றிய இலையை வறையாக்கினால் உறைப்பு தணியும். வருடம் முழுக்கக் கீரை வேண்டுமென்றால் இதை நம்பவேண்டாம். பொன்னாங்காணியும் பசளியும் கச்சானைத் தாங்கும், இது தாங்காது.

இரண்டாவது பக்கற் வாங்கத் தேவையில்லை. கடைசி வெட்டுக்குப் பிறகு ஏழெட்டுச் செடியை ஒன்றாகப் பூக்கவிடுங்கள். தன் மகரந்தத்தில் தானே நன்றாகக் காய்க்காது, தேனீ வந்து செடிக்குச் செடி மாற்றவேண்டும், அதனால் அப்போது வலையை எடுத்துவிடுங்கள். ஊதா நரம்போடிய வெளிர்ப் பூவையும் தின்னலாம். நெற்று வைக்கோல் நிறமானதும் வெடிக்குமுன் கொத்தோடு வெட்டித் துணிப்பைக்குள் தலைகீழாக நிழலில் தொங்கவிட்டு, உதிர்ந்த விதையை உலர்ந்த போத்தலில் ஒரு துண்டு கரியோடு அடைத்துத் திகதி எழுதி வையுங்கள்.