முகப்பருவுக்கு 2.5 சதவீத பென்சாயில் பெராக்சைடு ஜெல்: கும்பகோணத்திலிருந்து ஒரு மதிப்பீடு

எங்கள் ஊர் மருந்துக் கடைகளில் "பிம்பிள்ஸுக்கு ஒரு கிரீம் குடுங்க" என்று கேட்டால் எந்தக் கிரீம் வேண்டுமானாலும் கைக்கு வரலாம். சித்திரை வெயிலில் அரும்பும் வேர்க்குரு, நெற்றியோரத்துச் சூட்டுக்கட்டி, மூக்கின் மேல் படியும் கரும்புள்ளி, எண்ணெய்ச் சுரப்பி அடைத்துக்கொண்டு பதின்வயதில் வரும் முகப்பரு ஆகிய எல்லாவற்றையும் பிள்ளைகள் பிம்பிள்ஸ் என்றே சொல்கிறார்கள். என் மகளுக்குத் தோல் மருத்துவர் எழுதித் தந்த இந்த ஜெல், சிவந்து வீங்கி நுனியில் சீழ் வைக்கும் பருவுக்கு நன்றாகவே வேலை செய்கிறது. கரும்புள்ளி மட்டும் நிறைந்த முகத்துக்கு அடாபலீன் ஜெல்தான் பொருத்தம். வேர்க்குருவின் மேல் இதைத் தடவினால் எரிச்சல்தான் மிஞ்சும்.

பெயர் சொல்லிக் கேட்காதவர்களுக்குச் சில கடைகளில் எடுத்துக் கொடுக்கப்படும் 'முகம் வெளுக்கும்' கலவைக் கிரீம்களைப் பற்றி எச்சரிக்காமல் இருக்க முடியவில்லை. மொமெட்டசோன், பெட்டாமெத்தசோன், குளோபெட்டசால் போன்ற ஸ்டீராய்டு சேர்ந்த இவை முதல் வாரத்தில் முகத்தைப் பளிச்சென்று காட்டும். நாள்பட நாள்படத் தோலை மெலியவைத்து, தாமே புதிய பருக்களைக் கிளப்பிவிடும். இத்தகைய கிரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு விதி வகுத்துவிட்டது.

பென்சாயில் பெராக்சைடு தோலின் துளைக்குள் ஆக்சிஜனை வெளியிட்டு, அங்கே பெருகும் பாக்டீரியாவைக் கொல்கிறது. ஆன்டிபயாட்டிக் மருந்துக்குக் கிருமி பழகிப்போவதைப் போல இதற்குப் பழகுவதில்லை என்பதால், கிளிண்டாமைசின் என்னும் ஆன்டிபயாட்டிக் பூச்சை எழுதும் மருத்துவர்கள் பெரும்பாலும் இதையும் சேர்த்தே எழுதுகிறார்கள். 5, 10 சதவீதங்களிலும் இது கிடைக்கிறது என்றாலும், 2.5 சதவீதமே ஏறக்குறைய அதே பலனைக் குறைந்த எரிச்சலோடு தருவதால், தொடங்குபவர்கள் அதையே வாங்கலாம்.

இரவில் முகம் கழுவி, ஈரம் முற்றிலும் உலர்ந்த பிறகு, துவரம்பருப்பு அளவு எடுத்து, பரு வரும் பகுதி முழுவதும் மெல்லியதாகத் தடவ வேண்டும். முதல் இரண்டு வாரங்களில் மூக்கோரமும் வாயோரமும் வறண்டு செதில் உதிர்வது வழக்கம். ஒன்றுவிட்டு ஒரு நாள் பூசி, மேலே மாய்ஸ்சரைசர் தடவினால் அது தணியும். முழுப் பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும் என்பதால், பத்து நாளில் குழாயை மூலையில் வீசிவிடாமல் பொறுத்திருக்க வேண்டும். தலையில் தேங்காய் எண்ணெய் வழிய வழியத் தேய்த்துக்கொண்டு, அது நெற்றிக்கு இறங்கும்படி விட்டால் எந்த ஜெல்லும் உதவாது. பகலில் சன்ஸ்கிரீன் கட்டாயம்.

இதன் பெரிய குறை, துணியின் சாயத்தை உரித்துவிடுவது. மகளின் அரக்கு நிறத் துண்டில் கன்னம் பட்ட இடமெல்லாம் ஆரஞ்சுத் திட்டுகளாக வெளுத்துவிட்டதால், தலையணை உறையையும் துண்டையும் வெள்ளைக்கு மாற்றிவிட்டோம். கல்யாணத்துக்குத் திருபுவனம் பட்டு உடுத்துகிறவர்கள் முதல் நாள் இரவு பூசியதை நன்றாகக் கழுவிவிட்டுத்தான் புடவையைத் தொட வேண்டும்.

வெப்பத்தில் இந்த மருந்து சிதைந்து, புற்றுநோயை வரவழைக்கக்கூடிய பென்சீன் என்ற வேதிப்பொருள் உண்டாகலாம் என்று 2024இல் அமெரிக்க ஆய்வகம் ஒன்று எழுப்பிய அச்சம் பலரைக் கலங்கடித்தது. அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 95 தயாரிப்புகளைச் சோதித்து, பெரும்பாலானவற்றில் பென்சீன் இல்லை அல்லது மிகமிகக் குறைவு என்று 2025இல் அறிவித்தது. இருந்தாலும் ஏப்ரல், மே மாதங்களில் நம் பக்கம் அடிக்கும் வெயிலை நினைத்தால், குழாயை வண்டிப் பெட்டியிலோ ஜன்னல் விளிம்பிலோ வைக்காமல் அலமாரிக்குள் குளுமையாக வைப்பதே நல்லது. சேமிப்பு முறை உட்பட எல்லாக் குறிப்புகளும் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் மட்டுமே இருப்பது எனக்கு உண்மையான வருத்தம். தமிழில் ஒரு தாள் வைத்தால் எத்தனையோ பெண்பிள்ளைகள் முகம் எரியாமல் தப்பிப்பார்கள்.

தோலுக்கு அடியில் கோலிக்குண்டு போல உருண்டு வலிக்கும் கட்டிகளுக்கும் குழி விழத் தொடங்கிய முகத்துக்கும் இந்த ஜெல் மட்டும் போதாது. அப்படிப்பட்டவர்கள் கடைப் பூச்சுகளில் மாதங்களைக் கழிக்காமல், தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைத் தோல் பிரிவுக்கோ அருகிலுள்ள தோல் மருத்துவரிடமோ உடனே செல்ல வேண்டும். ஏனெனில் விழுந்துவிட்ட தழும்பை எந்தக் குழாய் மருந்தாலும் முழுவதுமாக எடுக்க இயலாது.