ஒரு சுவருக்கு மட்டும் புதுப் பெயிண்ட் அடித்திருந்தால் நின்று பாருங்கள்

வீடு வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். நான் ஏமாந்த மாதிரி இன்னொருவர் ஏமாறக் கூடாது.

நாங்கள் வாங்கியது பழைய வீடு. பார்க்கப் போனபோது பின்பக்க அறையில் ஒரு சுவர் மட்டும் பளிச்சென்று இருந்தது. பெயிண்ட் வாசனைகூடப் போகவில்லை. அந்தச் சுவரை ஒட்டி ஒரு பெரிய அலமாரி. கேட்டதற்கு, "குழந்தைங்க கிறுக்கிட்டாங்களாம் சார், அதான் அடிச்சிருக்காங்க" என்றார் புரோக்கர். வீட்டுக்காரர் பக்கத்தில்தான் நின்றார், வாயே திறக்கவில்லை. நானும் சரி என்று விட்டுவிட்டேன்.

குடிபோன இரண்டாவது மாதம் நல்ல மழை. சுவரின் அடியில் ஈரத்திட்டு தெரிந்தது. அப்புறம் இடுப்பு உயரம் வரை பெயிண்ட் கொப்புளமாகப் பொருமி, விரல் பட்டாலே பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளே வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. கொத்தனார் ஒரு செதிலைப் பெயர்த்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். ஒன்றன்மேல் ஒன்றாக 3 அடுக்குப் பெயிண்ட். "இது இன்னைக்கு நேத்து வந்த ஓதம் இல்லீங்க. ஒவ்வொரு தடவையும் பட்டி பார்த்து மூடியிருக்காங்க" என்றார். தரையின் ஈரம் சுவரில் ஏறாமல் தடுக்கும் அடுக்கு அடியில் பழுதாகியிருந்தது. அதைச் சரிசெய்யாமல் எத்தனை முறை பெயிண்ட் அடித்தாலும் உப்பு அதைத் தள்ளிவிடும்.

வாங்கும் முன் என்ஜினீயரை வைத்துப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தோம். ஆனால் அவரை அனுப்பியதே புரோக்கர்தான். 20 நிமிடத்தில் முடித்துவிட்டார், அலமாரியை நகர்த்தச் சொல்லவே இல்லை. வியாபாரம் முடிந்தால்தான் புரோக்கருக்குக் கமிஷன். அதைக் கெடுக்கக்கூடிய ஆளை அவர் ஏன் அனுப்பப் போகிறார்? இது எனக்கு அப்போது உறைக்கவில்லை. தயவுசெய்து உங்கள் காசில், நீங்களே தேடிப் பிடித்த ஆளை வைத்துப் பாருங்கள். முடிந்தால் மழை பெய்த மறுநாள் போங்கள். சுவரை ஒட்டியிருக்கும் சாமான்களை நகர்த்தச் சொல்லுங்கள். சங்கடமாகத்தான் இருக்கும், பரவாயில்லை. தண்ணீர் மீட்டர் இருந்தால், எல்லாக் குழாயையும் மூடிவிட்டு அது ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் எங்கோ கசிகிறது.

இன்னொன்று. "எது வந்தாலும் நான் சரிபண்ணித் தர்றேன்" என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். ஒப்பந்தத்திலோ, 'வீடு தற்போதுள்ள நிலையிலேயே வாங்கப்படுகிறது' என்று ஒரு வரி. பின்னால் தெரியவரும் குறைகளுக்கு விற்பவர் பொறுப்பில்லை என்று சொல்லும் வரி அது. படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன், அதன் கனம் புரியவில்லை. இப்போது அவர் போனை எடுப்பதில்லை. வக்கீலும் முதலில் அந்த வரியைத்தான் தொட்டுக் காட்டினார். வாய்ப்பேச்சில் கிடைத்த ஒவ்வொரு வாக்கையும் எழுத்தில் வாங்குங்கள். பரிசோதனையில் குறை தெரிந்தால் முன்பணம் திரும்ப வரும் என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.

விற்பவர்களுக்கும் சொல்கிறேன்: குறை இருந்தால் எழுதிக் கொடுத்துவிட்டு, அதற்கேற்ற விலைக்கு விற்றுவிடுங்கள். தெரிந்தே மறைத்தால் பல நாடுகளில் வழக்கு வரும். வாங்கும் குடும்பம் அந்தச் சுவரோடுதான் வாழ வேண்டும்.

எங்கள் சுவரின் பூச்சை முழுக்கக் கொத்தி எடுத்துவிட்டோம். அடியில் தடுப்பு வேலை முடிந்து, இப்போது காயவிட்டிருக்கிறோம். ஓர் அங்குலக் கனம் காய ஏறக்குறைய ஒரு மாதம் ஆகுமாம். சுவர் 9 அங்குலம். அதுவரை எல்லோருக்கும் படுக்கை கூடத்தில்தான்.